மூன்று முறை கேட்டவர்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெருமைப்படும் விதம் இல்லை.

பொள்ளாச்சியில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, கிணத்துக்கடவு தாண்டியதும், என் நண்பன் அருள்குமார் காரை ஓரங்கட்டினான். டயர் பஞ்சராகியிருக்கும் என்று நினைத்தேன். அவன் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்தபடி, ஒன்பது மாதமாக வயிற்றுக்குள் வைத்திருந்ததைச் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு, "நீ இதைக் கதையா எழுதிப்போடு. பேரை மட்டும் மாத்திக்க. வேலுமணி படிச்சா புரிஞ்சுக்குவான்" என்றான்.

எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம், ஒரு கதை கிடைத்த சந்தோஷம். (இந்த வரியை அடித்துவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். இருக்கட்டும்.)

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்.

"கணபதியில் பம்ப்செட் உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கும் அருள்குமாரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்துபோனது." தகவல் சரி. ஆனால் யாருக்கு வேண்டும்?

"ஹார்ட் டிஸ்க் என்பது மனித மனத்தைப் போல" — முடிக்கக் கூச்சமாக இருந்தது.

"வேலுமணி என்றொரு கவனமில்லாத கம்ப்யூட்டர் மெக்கானிக் இருந்தான்." இது சுலபமாக ஓடியது. நிற்காமல் இரண்டு பக்கம் எழுதினேன். டீ குடிக்க எழுந்தபோதுதான் உறைத்தது. வேலுமணி கவனமில்லாதவர் என்பதுதான் அருள்குமார் சொன்ன பொய். அந்தப் பொய்யை நானும் எழுதிக்கொண்டிருந்தேன், நல்ல நடையில்.

(குறிப்பு: அந்த இரண்டு பக்கத்திலும் வேலுமணியை 'அவன்' என்றே எழுதியிருந்தேன். அருள்குமார் பள்ளித் தோழன், அவனை 'அவன்' என்பது உரிமை. வேலுமணி எங்கள் இருவரையும்விட மூன்று வயது மூத்தவர். அவரை ஏன் அப்படி எழுதினேன்? அவர் அம்மா பாவாத்தாள், அருள்குமார் குடும்பத்துத் தோட்டத்தில் இருபது வருடம் களை எடுத்தவர். எங்கள் குடும்பத்துக்கும் தோட்டம் இருந்தது, அதிலும் ஆட்கள் வேலை பார்த்தார்கள். வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஐந்தாவது பிரதியில்தான் 'அவர்' என்று மாற்றினேன்.)

3

நடந்தது இது.

பரண்மேல் ஒரு பழைய கம்ப்யூட்டர் தூசி படிந்து கிடந்தது. புதிதாக வாங்குவானேன், அதிலிருக்கும் டிஸ்க்கையே இப்போதைய கம்ப்யூட்டரில் மாட்டிக்கொள்ளலாம் என்று அருள்குமாருக்குத் தோன்றியது. இரண்டையும் காரில் போட்டு, சத்தி ரோட்டில் இருந்த வேலுமணியின் கடைக்குக் கொண்டுபோனான்.

பழைய டிஸ்க்கைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், அதற்கு ஒரு முறை இருக்கிறது என்றார் வேலுமணி. முதலில் அதன் உடம்பு எப்படி இருக்கிறதென்று சோதிக்க வேண்டும். உள்ளே இருப்பதை வேறிடத்தில் நகலெடுக்க வேண்டும். அழிக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் நல்ல டிஸ்க்கின் வயரைக் கழற்றி வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கைதவறி ஒன்றுக்குப் பதில் இன்னொன்று போய்விடும். எல்லாம் முடிந்து மாட்டிய பிறகும், ஒரே பிரதியாக எதையும் அதில் வைத்திருக்கக் கூடாது. இதையெல்லாம் அவர் பொறுமையாகச் சொன்னார். அருள்குமார் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான்.

"உள்ளே இருக்கறது ஏதாச்சும் வேணுங்களா?" என்று அப்போது கேட்டார். அது முதல் முறை. ஒன்றும் வேண்டாம் என்றான்.

மதியம் போன் வந்தது. டிஸ்க் நன்றாக இருக்கிறது, ஆனால் டேப் ஒன்று, டேப் இரண்டு என்று பதினான்கு வீடியோக்கள் இருக்கின்றன, நகலெடுத்து வைக்கட்டுமா என்று கேட்டார். பழைய குப்பை என்றான் அருள்குமார்.

நாலு மணிக்கு மறுபடியும் போன்.

"ஏனுங்க, முழுசா எழுதி அழிச்சுப்போட்டா பொறவு யாராலயும் திருப்ப முடியாதுங்க. ஒருக்கா ஊட்டுல கேட்டுச் சொல்லுங்களே."

"சொன்னதைச் செய்யி, வேலு."

ஏன் அப்படிச் சொன்னான்? முதல் பிரதியில் அவசரம் என்று எழுதினேன். பிறகு வேலுமணியிடமே தெரிந்துகொண்டேன்: அழிப்பதற்கு ஆன நேரத்தில் பாதிகூட நகலெடுக்க ஆகியிருக்காது. அவசரம் பொய். இரண்டாவது பிரதியில் அறியாமை என்று எழுதினேன். தெரியாதவன் கேட்டுத் தெரிந்துகொள்வான், எரிந்து விழ மாட்டான். அதனால் அருள்குமாரையே கூப்பிட்டுக் கேட்டேன். "அவன் என்னை மூணு தடவை கேட்டது எனக்குப் பிடிக்கலை" என்றான்.

4

மூன்று வாரம் கழித்து, அவன் அம்மா செல்லாத்தாளின் முதல் வருடத் திதி. தங்கை லோகப்பிரியா திருப்பூரிலிருந்து வந்திருந்தாள். படையல் முடிந்து உறவுக்காரர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, அப்பா சுப்பண்ணன் ஹாலில் உட்கார்ந்து, "அந்த டேப்பைப் போடு கண்ணு, அவ குரலை ஒருக்காக் கேக்கோணும்" என்றார் மகளிடம்.

செல்லாத்தாளிடம் ஒரு வீடியோ கேமரா இருந்தது. கோயில், கல்யாணம், பவானி கூடுதுறை என்று எங்கே போனாலும் அவர்தான் படமெடுப்பார். வேறு யாரையும் தொட விடமாட்டார். அதனால் பதினான்கு டேப்பிலும் அவர் ஒரு காட்சியில்கூட இல்லை. படத்துக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும்: "ஏனுங்க, கொஞ்சம் சிரிங்களே. போட்டோவுக்கு இல்லீங்க, எனக்கு." டேப்புகள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியபோது லோகப்பிரியாதான் எல்லாவற்றையும் அந்தப் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி, அண்ணனிடமும் சொல்லிவிட்டு, டேப்புகளைத் தூக்கிப் போட்டாள். சுவரில் மாட்ட செல்லாத்தாளின் படங்கள் வேறு இருந்தன. குரல் அங்கே மட்டும்தான் இருந்தது.

அருள்குமாருக்கு அந்த நொடியில்தான் 'டேப் ஒன்று, டேப் இரண்டு' ஞாபகம் வந்தது. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"வேலுமணி அழிச்சுப்போட்டானுங்கப்பா. காப்பி எடுத்து வெக்கச் சொல்லியிருந்தேன்" என்றான்.

(இந்தப் பொய்யை அவன் யோசித்துச் சொல்லவில்லை. அவன் குற்றத்தைக் குறைத்துக்காட்ட நான் இதைச் சொல்லவில்லை. யோசிக்காமலே அந்தப் பெயர் வாயில் வந்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.)

சுப்பண்ணன் மகனிடம் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. "அவனுக்கு எங்க தெரியும் நம்ம அருமை" என்று மட்டும் சொன்னார். லோகப்பிரியா அழுதுகொண்டே வேலுமணிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, எல்லோரும் கேட்கத் திட்டினாள். அவள் ஓய்ந்ததும் வேலுமணி கேட்டார்:

"அண்ணன் பக்கத்துல இருக்காருங்களா?"

"இங்கதான் இருக்கறாரு."

"அவரு அப்படித்தான் சொன்னாருங்களா?"

லோகப்பிரியா அண்ணனைப் பார்த்தாள். அருள்குமார் தரையைப் பார்த்தான்.

"ஆமா" என்றாள் லோகப்பிரியா.

"சரிங்க" என்று போனை வைத்தார் வேலுமணி.

5

இந்தப் பகுதியை நீளமாக எழுத வேண்டும். முடியவில்லை, வெட்கமாக இருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

சுப்பண்ணன் போகிற இடமெல்லாம், கல்யாண மண்டபம், மில் ஆபீஸ், எங்கள் சொந்தக்காரர் நடத்தும் பள்ளிக்கூடம், எல்லா இடத்திலும் இதைச் சொன்னார். துக்கத்தில் சொன்னார், கெடுக்க வேண்டும் என்று இல்லை. ஆனால் ஒவ்வொருவராக வேலுமணியைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். ஆறே மாதத்தில் சத்தி ரோட்டுக் கடையைக் காலி செய்துவிட்டு, மனைவி செவ்வந்தியின் ஊரான சத்தியமங்கலத்துக்குப் போய்விட்டார்.

எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தது. "அவனுகளை நம்பி எப்படிக் குடுக்கறது" என்று யாரோ சொன்னார்கள். நான் இட்லியைப் பிட்டுக்கொண்டு, ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினேன்.

6

கதையை எழுதித் தர மாட்டேன், வா நேரில் போகலாம் என்று அருள்குமாரிடம் சொன்னேன். (எழுதித் தர மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுதவே மாட்டேன் என்று சொல்லவில்லை. எழுதுவதை நிறுத்தவில்லை.)

போன ஞாயிற்றுக்கிழமை சத்தியமங்கலம் போனோம். கடை எதிரே காரை நிறுத்திய அருள்குமார், நீ முதலில் போ, பொறவு வாரேன் என்றான். உள்ளே வேலுமணி ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. எட்டிப் பார்த்து, "கார்ல இருக்கறவரையும் வரச் சொல்லுங்க. வெயிலாக் கிடக்குது" என்றார்.

அருள்குமார் வந்து நின்றான். வேலுமணி இழுப்பறையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். வேலைக்குக் கொடுக்கும்போது எழுதும் சீட்டு. 'உள்ளே இருப்பது எதுவும் தேவையில்லை' என்ற வரிக்குக் கீழே அருள்குமாரின் கையெழுத்து. போட்டது அவனுக்கே மறந்திருந்தது.

"இதை ஏன் அன்னைக்கே காட்டலை?" என்று நான்தான் கேட்டேன்.

"காட்டியிருந்தா நம்பியிருப்பாங்கங்க, கையெழுத்து இருக்குதில்ல. ஆனா இதைக் கையில வெச்சுட்டு அவங்க ஊட்டு வாசல்ல நான் போய் நிக்கோணும். எங்கம்மா நின்ன வாசலுங்க அது. நான் ஒரு தப்பும் பண்ணாம அங்க எதுக்குங்க நிக்கோணும்?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அருள்குமாரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மன்னிச்சுக்க என்று தொடங்கினான். வேலுமணி கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்கிட்ட வேண்டாங்க. எனக்கு நடந்தது தெரியும். எங்க மாத்திச் சொன்னீங்களோ, அங்க போய்ச் சொல்லுங்க."

"சொல்றேனுங்க" என்றான் அருள்குமார்.

அந்த 'ங்க' என் காதில் விழுந்தது. பிறந்ததிலிருந்து அவன் வேலுமணியிடம் அப்படிப் பேசியதில்லை. இங்கேயே கதையை முடித்துவிடலாம் என்று கை பரபரத்தது. ஆனால் ஒரு 'ங்க' சத்தி ரோட்டுக் கடையைத் திருப்பித் தராது.

7

முடிவுகள்.

அ) சுப்பண்ணன் சத்தியமங்கலம் வந்து, வேலுமணியின் கையைப் பிடித்து அழுகிறார். எழுதிவிட்டுக் கிழித்தேன். அழ வைத்தது நான், அவராக அழவில்லை.

ஆ) சென்னையில் யாரோ ஒரு நிபுணர் பதினான்கு டேப்பையும் டிஸ்க்கிலிருந்து மீட்டுவிடுகிறார். இது நடக்கவே நடக்காது. வேலுமணி வேலையைச் சரியாகச் செய்திருந்தார்.

இ) அருள்குமார் அப்பாவிடம் சொல்லாமலே இருந்துவிடுகிறான், நான் இந்தக் கதையை அச்சிட்டு, பாராட்டு வாங்கிக்கொள்கிறேன். இதுதான் நடந்துவிடும் என்று பயந்துகொண்டிருந்தேன்.

நேற்றுக் காலை வேலுமணி என்னைக் கூப்பிட்டார். சுப்பண்ணன் முந்தாநாளிலிருந்து அவருக்குப் போன் செய்துகொண்டிருக்கிறாராம். பெயர் திரையில் வருகிறது, அடித்து ஓய்கிறது.

"பையன் சொல்லிப்போட்டாரா, இல்லை இன்னுந் திட்டக் கூப்படறாரான்னு தெரியலைங்க. நான் எடுக்கலை. எடுக்கோணுங்களா?"

அருள்குமாரிடம் கேட்டிருந்தால் எதற்கென்று தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. கேட்டு, தெரிந்துகொண்டு, எடுங்கள் என்று நான் சொன்னால், இந்த முறையும் எங்கள் ஆட்களில் ஒருவன் சொல்லித்தான் அவர் செய்வதாக ஆகும். உங்கள் இஷ்டம்ங்க என்றேன். சரிங்க என்று வைத்துவிட்டார்.

அதனால் இந்தக் கதைக்கு முடிவை நான் எழுதவில்லை. நீங்கள் எழுதுவதாக இருந்தால் ஒன்றே ஒன்று: எழுதுமுன் அவரைக் கேளுங்கள். ஒருமுறைக்கு மேலும் கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.