இல்லாத மாந்தோப்பு

காரைக்குடியில் தாலுகா கச்சேரிக் குமாஸ்தா செம்மலைக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது, அவர் வாயில் மட்டும். பெண் கேட்கப் போனபோது முளைத்த தோப்பு எட்டு வருஷமாக அவர் பேச்சிலேயே காய்த்துக் குலுங்கியது.

சொந்த நிலமுள்ள தாலுகாவில் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கக் கூடாது என்பது சர்க்கார் உத்தரவு. எவனோ பெயர் போடாமல் மனு எழுதிவிட்டான். விசாரிக்கக் கலெக்டர் கச்சேரியிலிருந்து பெரிய அதிகாரி சிரஸ்தாரே வீட்டு வாசலில் வந்து நின்றார். தோப்பு உண்டென்றால் முதுகுளத்தூருக்கு மாற்றல். இல்லையென்றால், கதவோரம் நிற்கும் மனைவி மலையம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது? செம்மலை தோள் துண்டை எடுத்து உதறினார், போட்டார், மறுபடி எடுத்து உதறினார்.

தெருவே கூடியிருந்தது, கூடாமல் இருக்குமா? எதிர்வீட்டு அம்மாக்கண்ணு யாரும் அழைக்காமலே முன்னால் வந்தாள்.

“தோப்பா? நல்லாக் கேட்டீக போங்க! ஊறுகாய் போட வருசா வருசம் எங்க வீட்டு மாங்காயைத்தான் வாங்கிட்டுப் போறாக.”

சிரஸ்தாரும் சிரித்துவிட்டு, ‘நிலம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாற்றல் தப்பியது. செம்மலை தயங்கித் தயங்கி மனைவி பக்கம் திரும்பினார்.

“என்ன முழிக்கிறீக? எங்கப்பாரு கல்யாணத்துக்கு முந்தியே வந்து ஊரெல்லாம் தேடிப் பாத்துட்டுத்தான் போனாக. தோப்பு பொய்யின்னாலும் சர்க்கார் சம்பளம் நெசந்தானேன்னு கட்டிக் குடுத்தாக,” என்றாள் மலையம்மாள்.

எட்டு வருஷமாகச் சுமந்த தோப்பை இறக்கி வைத்த மனுஷன், அன்று இரண்டு வேளைச் சோற்றை ஒரே வேளையில் சாப்பிட்டார். தொட்டுக்கொள்ள அம்மாக்கண்ணு வீட்டு மாங்காய்தான்.