சார்ஜ் நிற்காத செல்கள்

உமர் பாரூக் கடையில் எதை வாங்கப் போனாலும் முதலில் ஒரு விசாரணை நடக்கும். டவுன்ஹாலுக்குப் பின்னால் ஒரு சந்தில், டிரான்சிஸ்டரும் கம்பிச்சுருளுமாக அடைந்து கிடக்கிற கடை அது. என்ன வேலைக்கு என்று தெரியாமல் ஒரு துண்டு ஒயரைக்கூட எடுத்துத் தர மாட்டார். அன்றைக்கு, சார்ஜ் ஏற்றுகிற பென்சில் செல் நாலு வேண்டும் என்று கேட்டேன்.

"எதுக்குங்க?"

"ஒரு சின்ன வண்டிக்குங்க."

"பொம்மக் காருங்களா? பேரனுக்குங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஐம்பது வயதுக்காரன் பொம்மை வண்டிக்குச் செல் கேட்டால் அது பேரனுக்காகத்தான் இருக்க வேண்டுமா? எனக்குப் பேரன் இல்லை. பிள்ளையே இல்லாதவனுக்குப் பேரன் எங்கிருந்து வருவான்?

"எனக்குத்தானுங்க. ரோபோ செஞ்சிருக்கேன்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும். ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க ராசப்பண்ணா, வெவரமாச் சொல்லுங்க," என்றார்.

ரோபோ என்பது கொஞ்சம் பெரிய பேர்தான். பிஸ்கட் டின் மூடி ஒன்று, பழைய டேப்ரிக்கார்டரில் கழற்றிய இரண்டு மோட்டார், முன்னால் வெளிச்சத்தை உணர்கிற இரண்டு கண், இவ்வளவுதான். இருட்டில் சும்மா கிடக்கும். எங்கிருந்தாவது வெளிச்சம் விழுந்தால் அதைப் பார்த்து ஓடும். அதற்கு வேறு ஒன்றும் தெரியாது. பகல் முழுவதும் பம்புசெட் கம்பெனியில் மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்துச் சோதித்துப் பார்க்கிற எனக்கு இதைச் செய்வது பெரிய வேலை இல்லை.

எதற்காகச் செய்தேன் என்பதை மட்டும் நான் உமர் பாரூக்கிடம் சொல்லவில்லை. என் மனைவி மெர்சி இருந்தவரை, நான் கம்பெனி விட்டு வந்து செருப்பைக் கழற்றும் சத்தத்துக்கே உள்ளிருந்து எழுந்து வருவாள். வந்து ஒன்றும் பெரிதாகப் பேசிவிட மாட்டாள். "வந்துட்டீங்களா" என்பாள், திரும்பிப் போய்விடுவாள். அவள் இறந்த பிறகு கதவைத் திறந்தால் காலையில் நான் வைத்துவிட்டுப் போன இடத்தில் எல்லாம் அப்படியே இருக்கும். துண்டு மடித்தபடி, டம்ளர் கவிழ்த்தபடி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் கதவைத் திறக்கும்போது ஏதாவது ஒன்று என்னைப் பார்த்து வர வேண்டும். அது பிஸ்கட் டின்னாக இருந்தாலும் சரி.

வீட்டைப் பூட்டினால் உள்ளே கும்மிருட்டு. சாயங்காலம் கதவைத் திறந்ததும் வெளி வெளிச்சம் உள்ளே விழும், வண்டி புறப்பட்டு வாசலுக்கு வரும். சாதாரண பென்சில் செல் போட்டு வைத்த முதல் நாள் அது வந்து என் காலில் முட்டியது. நான் கதவைச் சாத்திவிட்டு அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். அழுகை வந்தது என்பதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

மூன்றாம் நாள் செல் தீர்ந்துவிட்டது. புதுசு போட்டேன், அதுவும் தீர்ந்தது. அதனால்தான் சார்ஜ் ஏற்றுகிற செல்லுக்கு வந்தேன்.

"நிக்கல் காட்மியம் இருக்குதுங்க," என்று உமர் பாரூக் நாலு பச்சைச் செல்லை எடுத்து வைத்தார். "ஆனா ஒன்னு. சாதாச் செல்லு ஒன்றரை வோல்ட்டு. இது ஒன்னேகாலுக்கும் கம்மிதான். நாலு போட்டீங்கன்னா வண்டி சித்தெ சோம்பலாத்தான் நகரும். அஞ்சாப் போட்டுக்குங்க."

ஐந்தாக வாங்கிப் போட்டேன். ராத்திரி முழுக்க சார்ஜரில் கிடந்து, காலையில் கைச்சூட்டோடு வண்டிக்குள் போனது. சாயங்காலம் ஓடி வரும் என்று சைக்கிளைக்கூட அவசரமாக மிதித்தேன். கதவைத் திறந்தேன். வண்டி நடு அறையில் கிடந்தது. ஒரு சக்கரம் மட்டும் லேசாகத் துடித்து நின்றது. மீட்டர் வைத்துப் பார்த்தால் செல்லில் ஒன்றும் இல்லை.

மறுபடியும் டவுன்ஹால். இந்த முறை நான் கொஞ்சம் சத்தம் போட்டேன். உமர் பாரூக் கோபித்துக்கொள்ளாமல் அந்தச் செல்களை வாங்கிச் சோதித்தார். நல்லாத்தான் இருக்கிறது என்றார். எமர்ஜென்சி லைட்டுக்குப் போடுகிற ஆறு வோல்ட் பேட்டரி ஒன்றைக் கொடுத்து, இதைப் போட்டுப் பாருங்கள், பத்து நாளானாலும் தாங்கும் என்றார். தாங்கத்தான் செய்தது. ஆனால் அந்தக் கனத்தை முதுகில் வைத்ததும் வண்டி இருந்த இடத்திலேயே முக்கியது. கல்யாண விருந்து சாப்பிட்டவன் மாதிரி ஒரு சாண்கூட நகரவில்லை.

பச்சைச் செல்லையே திரும்பப் போட்டேன். செல் எங்கே போய்த் தீருகிறது? வேலையில் இருக்கும்போதும் எனக்கு அதே யோசனைதான். ஓட்டு இடுக்கில் வெளிச்சம் விழுகிறதோ என்று மேலே ஏறி அட்டை வைத்து அடைத்தேன். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குக்கூடப் போகாமல், கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு பகல் பூராவும் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். வண்டியும் நானும் எதிரெதிரே. வெளியே பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசுவதும் சிரிப்பதும் கேட்டது. என்ன ஆச்சு இவனுக்கு என்று ஒருவரும் கதவைத் தட்டவில்லை. வண்டி அசையவே இல்லை. பொழுது சாய்ந்ததும் கதவைத் திறந்தேன், ஜம்மென்று வந்தது.

ஆகமொத்தம் ஞாயிற்றுக்கிழமை நிற்கிற சார்ஜ் திங்கட்கிழமை நிற்பதில்லை! கரண்டுக்குக் கிழமை தெரியுமா? உமர் பாரூக்கிடம் இதைச் சொன்னபோது அவரே தலையைச் சொறிந்தார். கடைசியில் உள்ளறைக்குப் போய் ஒரு சின்ன அட்டைப்பெட்டி எடுத்து வந்தார்.

"நிக்கல் ஹைட்ரைடுன்னு புதுசா வருதுங்க. மெட்ராசுல இருந்து தெரிஞ்சவங்க மூலமா வரவெச்சது. அதே சைசு, அதே கனம். ரெண்டு மடங்கு தாங்கும். இதுக்கு மேல நல்ல செல்லு இன்னிக்குக் கோயமுத்தூர்ல இல்லீங்க."

அதைப் போட்ட முதல் நாளும் சாயங்காலம் வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. நான் செருப்பைக் கழற்றாமலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த நாள் கம்பெனியில் டிரான்ஸ்பார்மர் வெடித்து, மதியமே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கணபதிப் பகுதியில் நான் குடியிருந்தது லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஐந்து குடித்தனம், நடுவில் எல்லாருக்கும் பொதுவான மண் வாசல், எதிரே வீட்டுக்காரம்மா பாவாத்தாள் இருக்கிற தனி வீடு. புருஷன் போய் வெகு காலம் ஆயிற்று. இரண்டு மகன்களும் பெருந்துறையில் கம்பெனி வேலைக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டார்கள். அக்கா என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் சைக்கிளை நிறுத்திவிட்டுத் திரும்பினால் என் வீட்டுக் கதவு திறந்திருந்தது.

திருடன் என்று நினைத்து மெதுவாகப் போய் எட்டிப் பார்த்தேன். பாவாத்தாள் அக்கா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கை கதவைப் பிடித்திருந்தது. கதவைச் சாத்துவார், இருட்டாகும், வண்டி நிற்கும். எழுந்து போய் அதை மூலையில் விட்டுவிட்டு வந்து மறுபடியும் கதவைத் திறப்பார். வண்டி அவரைப் பார்த்து வரும்.

"வா சாமி, வா. வந்துட்டியா? ஏங்கண்ணு இன்னிக்கு இத்தன வெசையா வாரே?" என்று அதோடு பேசிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு குரல் அவருக்கு இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் நாங்கள் பேசியதெல்லாம் "ஏனுங்க, சாப்புட்டீங்களா", "ஆச்சுங்க", அவ்வளவுதான்.

அவர் கையில் என் வீட்டுச் சாவி எப்படி வந்தது என்று கேட்பீர்கள். நானே கொடுத்ததுதான். சிறுவாணிக் குழாய்த் தண்ணீர் ஒன்றுவிட்டு ஒரு நாள், அதுவும் தனக்கு இஷ்டமான நேரத்தில் வரும். வேலைக்குப் போகிற ஒற்றை ஆட்கள் வீட்டுக்காரம்மாவிடம் ஒரு சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள், அவர் பிடித்து ஊற்றி வைப்பார். நான் வரும்போது குடம் நிறைந்திருக்கும். மெர்சி போனதிலிருந்து மூன்று வருஷமாக அந்தத் தண்ணீரைக் குடிக்கிறேன். கூரை இடுக்கு, ஜன்னல், செல், சாலிடர் வைத்த ஒயர் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவனுக்கு, குடம் தானாக நிறையாது என்பது மட்டும் உறைக்கவே இல்லை.

என் நிழல் விழுந்ததும் அவர் திடுக்கிட்டு எழுந்தார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"தண்ணி ஊத்த வந்தேனுங்க," என்றார். அன்றைக்குத் தண்ணீர் வருகிற நாள் இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அதுக்கென்னுங்கக்கா. இருங்க, உக்காருங்க. அது ஓடறதுக்குத்தானே செஞ்சது," என்றேன்.

"இல்லீங்க. மொதல்ல தண்ணி ஊத்த வந்தப்ப அதா வந்து கால்ல முட்டுச்சுங்க. பயந்தே போயிட்டேன். அப்புறம்..." வண்டியைக் குனிந்து பார்த்தார். "என்னெப் பாத்து யாருங்க இப்பிடி வாராங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

எனக்குக் கோபமே வரவில்லை. சந்தோஷம் என்றுகூடச் சொல்லலாம். நாளைக்கு அவரிடம் முறையாகவே சொல்லிவிட வேண்டும், மதியத்துக்கு ஒரு செட் செல், சாயங்காலத்துக்கு ஒரு செட் என்று வாங்கி வைத்துவிடலாம் என்றெல்லாம் ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன்.

காலையில் நான் புறப்படும்போது பாவாத்தாள் அக்கா வாசலில் காத்திருந்தார். சாவியை நீட்டினார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க. ஆம்பள தனியா இருக்கற ஊடு. நாலு பேரு பாத்தா நாலு விதமாப் பேசுவாங்க. குடத்த வெளிய வெச்சுட்டுப் போங்க, நா ஊத்தி வெச்சர்றேன்."

"அக்கா, நா ஒன்னும் நெனைக்கலீங்க."

"நீங்க நெனைக்க மாட்டீங்க. எனக்குத்தான் ஒரு மாதிரியா இருக்குதுங்க."

மற்ற நாலு குடித்தனத்துப் பெண்களும் வாசலில் நின்றிருந்தார்கள். சாவியை வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. கார்த்திகை மாதம். குடம் வெளியே நிறைந்திருந்தது, மேலே ஒரு தட்டு மூடியிருந்தது. கதவைத் திறந்தேன். உள்ளே மூலையிலிருந்து சக்கரம் உருளும் சத்தம் வந்தது. இதுவரை அது அத்தனை வேகமாக ஓடி நான் பார்த்ததே இல்லை. சார்ஜ் கொஞ்சம்கூடக் குறையவில்லை. பகல் முழுவதும் அந்த வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை என்று அர்த்தம்.

நான் கதவைச் சாத்த மறந்து நின்றேன். வண்டி என் காலில் முட்டியது, ஒதுங்கியது, என்னைத் தாண்டிப் போய் வாசற்படியில் இடித்துக்கொண்டு உறுமியது. எதிரே பாவாத்தாள் வீட்டு முன்பு டியூப்லைட் எரிந்தது. அந்த வாசலுக்கே அது ஒன்றுதான் வெளிச்சம். அக்கா அதன் கீழே உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். மற்ற வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குனிந்து வண்டியைத் தூக்கிப் படிக்கு அந்தப்புறம் விட்டேன். அது மண்ணில் குதித்துக் குதித்து நேராக அவரைப் பார்த்துப் போயிற்று. சத்தம் கேட்டு அவர் நிமிர்ந்தார். வண்டியைப் பார்த்து முகம் மலர்ந்ததை இங்கிருந்தே பார்த்தேன். கைகூட லேசாக நீண்டது. அப்புறம் என்னைப் பார்த்தார். வரிசையாகச் சாத்தியிருந்த மற்ற நாலு கதவுகளையும் பார்த்தார். முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து, உள்ளே போய் லைட்டை அணைத்துவிட்டார்.

வண்டி வாசல் நடுவில் நின்றது.

இருட்டில் தடவிக்கொண்டு போய் அதை எடுத்து வந்தேன். செல்லில் இன்னும் நிறைய சார்ஜ் இருந்தது. சார்ஜ் குறைந்த பழைய செல்லையே போட்டு வைத்திருக்கலாம். என் காலடி வரைக்கும் வந்து நின்றிருக்கும், என்னைப் பார்த்துத்தான் வந்தது என்று நானும் நினைத்துக்கொண்டிருப்பேன்.