வெட்டிய கடைசி வரி

அமெரிக்காவின் பனி கொட்டும் டுலூத் நகரப் பள்ளிகளின் கவிதைப் போட்டிக்கு விதிகள் கொஞ்சம்தான். பெரிய கவிஞர் ஒருவரின் கவிதையைப் படித்துவிட்டு, அதே பாணியில் சொந்தமாக எழுத வேண்டும். தலைப்புக்குக் கீழே ‘இன்னார் வழியில்’ என்று ஒரு வரி போட வேண்டும். அதையும் சேர்த்து மொத்தம் இருபது வரி.

மாணவி லினியா என்ன செய்தாள்? தன் சரக்கே இருபது வரி வந்துவிட்டது என்று கவிஞர் பெயரைத் தூக்கிவிட்டாள். கெட்டிக்காரிதான், போங்கள்!

மேடையேறப் பத்து நிமிடம் இருக்கும்போது, போட்டி நடத்தும் பர்டிக் அம்மாள் தாளும் கையுமாக வந்து நின்றாள்.

“கவிஞர் ஐடா மார்வெட் தன் கவிதையில கப்பல்கிட்ட கேள்வி மேல கேள்வியா கேப்பாங்க. நீ பனி தள்ளுற வண்டிகிட்ட கேக்குற. சரி, அவங்க பேரு எங்கம்மா? பேரு போடலைன்னா இது திருட்டு. உன்னை மேடையேத்த மாட்டேன்.”

லினியா திரும்பி அரங்கத்தைப் பார்த்தாள். பனி தள்ளும் வண்டி ஓட்டுபவள் அவள் அம்மா ரோண்டா. பள்ளி விழா எதற்கும் வந்ததே இல்லை; பனி பெய்தால் அவள் சாலையில்தான். இன்று வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு, ஆரஞ்சு மேல்சட்டையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்காகத்தானே இந்தக் கவிதையே!

“பேரு போட்டா இருபத்தோரு வரி ஆயிடுமே, மேடம்!”

“அப்ப உன்னோடதுல ஒண்ணை வெட்டு. அஞ்சு நிமிஷம்.”

பக்கத்தில் நின்ற தோழி மார்கிட் எட்டிப் பார்த்தாள். “கடைசி வரியை வெட்டுடி. சும்மா பீத்திக்குது.”

பாவி! வண்டி பதில் சொல்வதாக மூன்று வாரம் இழைத்து இழைத்து எழுதிய வரி அது. லினியா பல்லைக் கடித்துக்கொண்டு அதை அடித்தாள். மேலே ‘ஐடா மார்வெட் வழியில்’ என்று எழுதினாள்.

மேடையில் முதலில் தாளைப் பார்த்துப் பார்த்துப் படித்தாள். போகப் போகச் சூடு பிடித்தது. கேள்வி, கேள்வி, கேள்வி. கடைசியாக:

“விடியுமுன் எங்கள் தெருமுனையில் திரும்பும்போது,
உனக்காக நான் எழுந்து போடும் சமையலறை விளக்கு
உன் கண்ணில் படுகிறதா?”

அவ்வளவுதான். வண்டி சொல்லும் பதில்தான் வெட்டுப்பட்டுவிட்டதே.

“படுதுடி!” கடைசி வரிசையில் ஆரஞ்சு மேல்சட்டை எழுந்து நின்றது. “தினமும் படுது! அதுக்காகத்தான் அந்த முனையில மெதுவாப் போறேன்!”

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. பர்டிக் அம்மாளே எழுந்து நின்று தட்டினாள். முதல் பரிசு யாருக்கு என்று கேட்கவும் வேண்டுமா?

ரோண்டா தாளை வாங்கி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே மேலிருந்து படித்தாள்.

“யாருடி இந்த ஐடா மார்வெட்? வீட்டுல வாயே தொறக்காத உன்னையே கேள்வி கேக்க வெச்சுட்டாளே!”