வராத கோடு

அக்கா முத்தேயு கொண்டுவந்து வைத்த மக்காச்சோளம் அப்படியொரு அழகு. ஒவ்வொரு மணியும் விளக்கிய பல் போல வெள்ளை.

கதுங்கே அதை அரைத்து, கரைசலில் கலக்கி, தன் காகிதப் பட்டையை நனைத்தாள். இந்தப் பட்டைக்காக நைரோபி ஆய்வுக்கூடத்தில் அவள் வருடக்கணக்காக மல்லுக்கட்டியிருக்கிறாள். அதுவரை இந்த மகுவேனி வட்டாரச் சோளத்தை நகரத்துக்கு அனுப்பித்தான் பூஞ்சை விஷம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முடிவு வருவதற்குள் மூட்டை காலியாகிவிடும். யார் யார் நோயில் படுத்தார்கள் என்பதிலிருந்தே முடிவும் தெரிந்துவிடும்.

இரண்டு கோடுகள் வந்தால் நல்ல சோளம். கீழ்க்கோடு வராவிட்டால் விஷம். இரண்டும் பளிச்சென்று வந்தன.

"பாத்தியா? இதுக்குத்தான் இவ்வளவு படிச்சியாக்கும்! எங்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே," என்றாள் முத்தேயு. அவள் இடுப்பில் மகள் மும்புவா கஞ்சிக்குச் சிணுங்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் கஞ்சி கொதித்தது.

"சரிதான் தாயே," என்று சிரித்த கதுங்கே, சந்தேகம் வந்து கேட்டாள். "அக்கா, இத மூட்டையிலேர்ந்து அப்படியே அள்ளினியா?"

"அள்ளுறதா? காலையிலேர்ந்து முறத்துல போட்டு ஒவ்வொண்ணா பொறுக்கினேன். வீட்டுக்கு வந்தவ முன்னாடி சொத்தைய வைக்கச் சொல்றியா? ஊரு சிரிக்காதா?"

கதுங்கேவுக்குத் திக்கென்றது. ஊரே விருந்தாளிக்கு நல்லதைத்தான் எடுத்து வைக்கும். தானும் இங்கேதானே வளர்ந்தாள், எப்படி மறந்தாள்? மூட்டையை விரிப்பில் கொட்டிக் கிளறி, அடியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் அள்ளி அரைத்தாள். பட்டையில் நீர் ஏறியது. மேல்கோடு வந்தது. கீழே வெறும் வெள்ளை.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வாசமில்லை, நிறமில்லை, நாக்குக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத அதை, விரல் அகலக் காகிதம் கண்டுபிடித்துவிட்டது. தான் செய்ததுதான் என்றாலும் கும்பிட வேண்டும் போலிருந்தது. கூடவே பயமாகவும் இருந்தது. "இதுல விஷம் இருக்குக்கா," என்றாள்.

"எந்த மணியில இருக்கு? காட்டு, எடுத்து எறிஞ்சிடறேன்."

"காட்ட முடியாதுக்கா. நல்லா இருக்கற மணியிலயும் இருக்கலாம்."

"கொதிச்சா போயிடும்ல?"

"போகாது."

முத்தேயு பானையைத் துணி பிடிக்காமலே இறக்கினாள். சுட்டது தெரிந்ததாகவே காணோம்.

"நேத்தும் இதத்தான் குடுத்தேன்," என்றாள்.

"இன்னிக்குக் குடுக்கலியேக்கா. சாயங்காலம் டாக்டர்கிட்டயும் காட்டிடலாம்," என்றாள் கதுங்கே.

குழந்தை வீறிட்டது. உப்புக்குக்கூட யார் வாசலையும் மிதிக்காதவள் முத்தேயு. அவள் மும்புவாவைத் தூக்கிக்கொண்டு, அக்கம்பக்கம் கேட்கக் கத்திக்கொண்டே பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

"உலைய இறக்குங்கடி! பிள்ளைக்கு ரெண்டு கிழங்கு இருந்தா குடுங்க. உங்க சோளத்த எந்தங்கச்சிகிட்ட கொண்டு வாங்க. பொறுக்காதீங்க, மூட்டையோட கொண்டு வாங்க!"