மிளகுப் பாறை வளைவு

இந்த வருஷம் மறுபடியும் மொபெட் ரேஸ் விடப்போவதாக என் கணவர் யுவராஜின் கூட்டாளி கவியரசன் வந்து சொன்னபோது நான் சமையலறையில் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் யுவராஜ் சிரிப்பது கேட்டது. மடங்காத வலது காலை முக்காலி மேல் நீட்டி வைத்துக்கொண்டு, அவர் அப்படி வாய்விட்டுச் சிரிப்பது ரேஸ் பேச்சு வந்தால் மட்டும்தான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்புவரை, தை மாதம் கிழங்கு பிடுங்கி முடிந்ததும், மலைமேல் அரியூர் நாட்டில் என் அப்பாவின் காட்டில்தான் அது நடக்கும். மறுநடவுக்கு எடுத்துவைத்த மரவள்ளிக் குச்சிகளை ஊன்றி வட்டமாகப் பாதை போடுவார்கள். குச்சியைச் சாய்த்தவன் வெளியே. மட்கார்டு கழற்றிய மொபெட்டுகளில் சுண்ணாம்பால் எண் எழுதி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டுவார்கள். ஜெயித்தவனுக்கு ஒரு சேவல்.

"மூணு வருசம் ஒரே சேவல்தான்டா பரிசு," என்றான் கவியரசன். "ஜெயிச்சவன் எவனுக்கும் அறுக்க மனசு வரல. திருப்பிக் கொண்டாந்து குடுத்துருவான்."

"ஜெயிச்சவன் மனசு உனக்கெப்படித் தெரியும்?"

"உன்ற வண்டிக்குப் பின்னால வந்து மண்ணு தின்னே என் வயிறு ரொம்பிருச்சு. சேவல் எதுக்கு எனக்கு?"

உள்ளே இருந்து நானும் சிரித்தேன். என்னை உறுத்துவது இதுதான். அந்தப் புழுதியும் பெட்ரோல் வாசனையும் இன்றைக்கும் எனக்கு இனிக்கின்றன. இனிக்கக் கூடாது என்று எத்தனை சொல்லியும் மனம் கேட்பதில்லை.

"பிரேமைக் கூப்பிடலாமா?" என்று கவியரசன் குரலைத் தணித்தான். "கீழ காளப்பநாயக்கன்பட்டில பட்டறை வெச்சிருக்கான். வண்டிகளப் பாக்க ஒரு ஆளு வேணுமில்ல."

"அவன் கை பட்ட வண்டில யாரும் ஏற வேண்டாம். ஒரு முட்டி போனது பத்தாதா?" யுவராஜ் இதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"நம்பர அனுப்பி வெக்கறேன். மனசு மாறுனா பேசு," என்று சொல்லிவிட்டுக் கவியரசன் போனான்.

கடைசி ரேஸின்போது எனக்கு இருபத்தொரு வயது. ரேஸ் பாதையின் வளைவை ஒட்டிய தட்டைப் பாறையில் அம்மா மிளகு காயவைத்து, என்னைக் காவலுக்கு நிறுத்தியிருந்தாள். மிளகு வியாபாரி ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்ப்பான். மண் ஒட்டினால் மூட்டையைத் திருப்பிவிடுவான். காலையில் பாதை முழுக்கத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். மதியத்துக்குள் காய்ந்துவிட்டது. இரண்டாவது ஓட்டத்தில் எழும்பிய புழுதி அப்படியே மிளகின் மேல் படிந்தது. எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், நான் ஓடையிலிருந்து இரண்டு குடம் கொண்டுவந்து வளைவில் ஊற்றினேன். தெளிக்கவில்லை, ஊற்றினேன்.

அந்த மண் வழுக்கும் என்று எனக்குத் தெரியாதா? மழைக்காலத்தில் நானே எத்தனை முறை விழுந்திருக்கிறேன். தெரியும். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை என்றுதான் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன்.

மூன்றாவது ஓட்டத்தில் யுவராஜ்தான் முதலில் வந்தார். வளைவில் வண்டி சாய்ந்து, முட்டி பாறையில் போய் மோதியது. ஆளாளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து முகத்திலும் காயத்திலும் ஊற்றினார்கள். என் ஈரம் அந்த ஈரத்தோடு கலந்துவிட்டது. வண்டியைத் தூக்கியபோது பிரேக் கேபிள் நட்டோடு கழன்று தொங்கியது. காலையில் அந்த வண்டியின் நட்டெல்லாம் முறுக்கித் தந்தவன் பிரேம். விழுந்ததில் கழன்றிருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. செம்மேட்டில் அவன் பட்டறைக்கு வண்டி வருவது நின்றது. அடுத்த தைக்குள் மலையை விட்டு இறங்கிவிட்டான்.

யுவராஜுக்கு ஆஸ்பத்திரிக்கு நான்தான் சோறு கொண்டுபோனேன். இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம். என்னைப் பற்றி, யமுனாவுக்கு யுவராஜ் மேல் அவ்வளவு பிரியம் என்று ஊரே சொன்னது. நான் மறுக்கவில்லை. முதலில் அம்மாவுக்குப் பயந்து சொல்லாமல் விட்டேன். பிறகு அவர் என்னை விட்டுப் போய்விடுவாரோ என்று பயந்தேன். அதன் பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கே பயந்தேன்.

கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தேன்.

"ஏனுங்க, பிரேமைக் கூப்பிடுங்க."

"நீயுமா?"

"அன்னைக்கு வளைவுல தண்ணி ஊத்துனது நான். நீங்கெல்லாம் சாப்பிடப் போனப்ப. மிளகுல மண்ணு விழுந்துச்சு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு பஸ் கொண்டை ஊசி வளைவில் கியர் மாற்றி ஏறிப் போனது.

"அப்ப ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டாந்தது அதுக்குத்தானா?"

"மொதல்ல அதுக்குத்தான்."

அப்புறம் எதற்கு என்று அவர் கேட்பார் எனக் காத்திருந்தேன். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அவர் கேட்கவில்லை. கவியரசன் அனுப்பிய எண்ணைப் போனில் அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, எனக்கு முன்னால் வைத்தார்.

"எனக்குச் சொன்ன மாதிரியே அவனுக்கும் சொல்லு."

"பட்டறைதானுங்க, சொல்லுங்க," என்றது பிரேமின் குரல். நான் யாரென்று சொன்னேன். தண்ணீர் ஊற்றியதைச் சொன்னேன்.

"நட்டை நாந்தான் சரியா முறுக்கலைன்னு நெனச்சுட்டிருக்கேனுங்க," என்றான். "முறுக்குன ஞாவகம் இருக்குது. ஆனா நம்ப முடியல. இன்னைக்கும் ஒரு வண்டியக் குடுக்கறதுக்குள்ள மூணு தடவ தொட்டுப் பாப்பேன். வண்டி கொண்டாரவங்க கிறுக்கன்னு சிரிப்பாங்க."

தான் தப்பு செய்யவில்லை என்பதாவது அவனுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்கூட இருந்தது. மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். அதற்குள் அவனே கேட்டான்.

"எவ்வளவு ஊத்துனீங்க?"

"ரெண்டு கொடம்."

"வளைவுக்கு உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

"உள்பக்கம். பாறையை ஒட்டி."

"அப்ப பின்சக்கரந்தான் மொதல்ல வழுக்கியிருக்கணும்," என்று தனக்குள் கணக்குப் போடுவதுபோலச் சொன்னான்.

யுவராஜ் போன் பக்கம் குனிந்தார். "ஆமாண்டா. பின்னாடிதான் போச்சு. நான் பிரேக்கே புடிக்கல."

"புடிக்கலையா?"

"எங்கடா நேரம்."

"அத அன்னைக்கே நீ சொல்லியிருக்கலாமில்ல, யுவராஜு?"

அவன் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். யுவராஜ் போனிலிருந்து நிமிர்ந்தார். நான் சொன்ன பிறகு முதல்முறையாக என்னைப் பார்த்தார். என்ன சொல்லலாம் என்று என்னையே கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. பன்னிரண்டு வருஷம் வாயைத் திறக்காதவளிடம்.

"உள்ளதச் சொல்லுங்க," என்றேன்.