பால்குடம் முடியட்டும்

சுடர்விழி இன்சுலின் போட்டு ஐம்பத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அது அவளுக்கும் அவள் அம்மா செல்வராணிக்கும் மட்டும்தான் தெரியும். ஊர் கிளினிக் கட்டிலில் சாய்ந்து, வெகுதூரம் ஓடி வந்தவளைப் போல் ஆழமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

கல்யாணமாகிப் பதினைந்து நாள்தான். பதினொரு வயதில் வந்த சர்க்கரை நோயைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்லவில்லை. கைப்பையில் ஒளித்துக் கொண்டுவந்த மருந்து தீர்ந்துபோனது. மிச்சம் தாய்வீட்டு ஃபிரிட்ஜில். ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியாயிற்று, இனிப் புது மருமகள் எல்லை தாண்டக் கூடாது என்றுவிட்டாள் மாமியார். சுடர்விழி அம்மாவிடம் போனில் கிசுகிசுத்தாள். தான் மருந்தோடு வந்தால் சந்தேகப்படுவார்கள், பால்குடம் முடியும்வரை இனிப்பைத் தொடாமல் இரு, அது போதும் என்று செல்வராணி சொல்லியிருந்தாள்.

டாக்டர் இன்னும் வரவில்லை. நர்ஸ் இதை வீசிங் என்று நினைத்து, மாஸ்க் மாட்டிப் புகை மருந்து கொடுத்தாள். மூச்சு அடங்கவில்லை.

மாமியார் மருமகளின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "தூசி ஒத்துக்காதுன்னு முன்னாடியே சொல்லக் கூடாதா சம்மந்தி? மாவிளக்குக்கு மாவு இடிக்க விட்டுருக்க மாட்டேன்ல."

செய்தி கேட்டு ஓடி வந்திருந்த செல்வராணி தலையை மட்டும் ஆட்டினாள். மகளின் மூச்சில் கனிந்து அழுகிய பழத்தின் வாடை. பதினொரு வயதில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அன்றும் இதே வாடை, இதே மூச்சு.

நர்ஸ் டாக்டரிடம் போனில் பேசிவிட்டு, ஸ்டீராய்டு மருந்தை ஊசியில் ஏற்றினாள். "சுகர் இருக்காம்மா? இருந்தா இது இன்னும் ஏத்திவிட்டுரும்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லங்க" என்றான் மாப்பிள்ளை சரவணக்குமார். பிறகு திரும்பிப் பார்த்தான். "இல்லைல்ல அத்தை?"

சுடர்விழியின் கண்கள் செருகின. நர்ஸ் அவள் கையில் பஞ்சைத் தேய்த்தாள்.

செல்வராணி பாய்ந்து நர்ஸின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போடாதீங்க. மாப்ள, ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க, புதுக்கோட்டைக்குப் போயிரணும். நோயச் சொன்னா கல்யாணம் நின்னுரும்னு பயந்தேன். மறைச்சா உசுரே நின்னுரும்னு எனக்குப் புத்தி வரல. யாரும் இப்படிப் பண்ணிராதீங்க."

மாமியாரின் கை பாதத்திலேயே நின்றது. செல்வராணி அவள் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"எம்மகளுக்குப் பதினோரு வயசுலேருந்து சுகர். ரெண்டு நாளா இன்சுலின் போடல. நாந்தான் பால்குடம் முடியட்டும்னேன்."