சைலன்சருக்குள் ஒரு துண்டு

கொல்லிமலையில் நாடு என்று பெயர் வைத்த ஊர்க்கூட்டங்கள் எத்தனை உண்டோ, அத்தனையிலும் இன்ஜினைப் பற்றிப் பேசத் தகுதியுள்ளவன் ஒருவன்தான்; அவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. எடப்புளி நாட்டிலிருந்து மெக்கானிக்கல் படிக்கப் போனவன் சபரீஷ் என்கிற நான் ஒருவன் மட்டுமே. ஐ.சி. இன்ஜின் பேப்பரில் எனக்கு இரண்டு முறை அரியர் விழுந்திருக்கிறது என்பது உண்மை. அது பேப்பரின் கோளாறு.

மூன்றாவது முறை அந்தப் பரீட்சை இன்று காலை பத்து மணிக்கு, நாமக்கல்லில். இதுவும் போனால் கேம்பஸ் இண்டர்வியூவுக்குப் பெயர்கூடக் கொடுக்க முடியாது. ஆறு மணி பஸ்ஸை நானேதான் விட்டேன். பஸ் என்பது இன்ஜின் தெரியாதவர்களுக்காகச் செய்த ஏற்பாடு. அடுத்தது ஒன்பதுக்கு, அதில் போனால் பரீட்சை முடிந்து வருகிறவனிடம் வினாத்தாளை வாங்கிப் பார்க்கலாம். ஆனால் எனக்கு அப்பாவின் மோட்டார் சைக்கிள் இருந்தது. இன்சூரன்ஸ் முடிந்துபோனதால் அது அடிவாரத்தைத் தாண்டாது. காரவள்ளி வரை இறங்கி, அங்கே எட்டே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால் போதும்.

வண்டி என்னைவிட ஏழு வயது மூத்தது. ஐப்பசி மழை பிடித்ததும் அப்பா அதைக் கொட்டகையில் மரவள்ளி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுவார். மூடுபனி விலகி மாசி பிறந்தால்தான் எடுப்பார். நிறுத்தும்போது ஒரு சடங்கு உண்டு. பழைய சிவப்புத் துண்டு ஒன்றைச் சுருட்டி சைலன்சர் வாயில் திணிப்பார். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான். தீபாவளிக்கு வந்தபோது நான் அதைப் படம் எடுத்து, ‘எங்கள் மலையில் வண்டிக்கும் குளிர் அடிக்கும்’ என்று வகுப்பு குரூப்பில் போட்டேன். நாற்பத்தொரு பேர் சிரித்தார்கள். பிறகு துண்டை உருவி, இது உள்ளே ஈரத்தைத் தேக்கும் என்று அப்பாவுக்கு விளக்கி, அந்தத் துண்டாலேயே வண்டியைத் துடைத்தும் வைத்தேன்.

ஆறு இருபதுக்கு முதல் உதை. இன்ஜின் ஒரு முறை இருமி அடங்கியது. எதிர்பார்த்ததுதான். பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக அரை லிட்டர் ஊற்றினேன். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தேன். நெருப்புப்பொறி நீலமாக, பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலவே வந்தது. உதைத்தேன். இருமி அடங்கியது.

முற்றத்தில் மிளகுக் கொத்துகளை உதிர்த்துக்கொண்டிருந்த தங்கை சுமித்ரா தலை நிமிரவில்லை.

“பரிச்சையில இதத்தானண்ணா கேப்பாங்க? பேசாம வண்டியவே தூக்கிட்டுப் போயிரு.”

“வாய மூடு புள்ள. கார்புரேட்டர்ல அடைப்பு.”

கார்புரேட்டரைப் பிரித்தேன். அடைப்பு இல்லை. என் வாழ்க்கையில் நான் பார்த்த மிகச் சுத்தமான பொருள் அதுதான். மணி ஆறே முக்கால். சட்டையின் முதல் பொத்தானைப் போட்டேன், கழற்றினேன், மறுபடி போட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தில் சாய்த்த ஒற்றை மூங்கில் ஏணியின் உச்சியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

“இன்னுங் கெளம்பலயா சாமி?”

“ரெண்டு நிமிசமுங்கப்பா.”

“அப்பப் புடிச்சு ரெண்டு நிமிசந்தான் சொல்ற. நான் ஒரு கொடியே பறிச்சு முடிச்சுட்டன். சைலன்சர்ல துண்டு இருக்குமே, எடுத்துட்டயா?”

“அது தீவாளிக்கே எடுத்தாச்சுங்க.”

“அப்பிடியா” என்றார். மேலே மிளகு பறிக்கும் சத்தம் தொடர்ந்தது.

சரிவில் தள்ளி கியர் போட்டுப் பார்த்தேன். முப்பது அடி உருண்டது, இருமியது, நின்றது. திரும்ப மேலே தள்ளி வந்தேன். இப்படி நான்கு முறை. நடந்தே இறங்கினால் எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டேன், போட்டிருக்கக் கூடாது. மலைப்பாதையின் எழுபது வளைவுகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணுக்குள் வந்தன. மணி ஏழே கால்.

சுமித்ரா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். வண்டிக்குப் பின்னால் குத்தவைத்து, சைலன்சர் வாய்க்கு நேராக உள்ளங்கையைக் காட்டினாள்.

“இப்ப ஒதைண்ணா.”

உதைத்தேன்.

“காத்தே வரலயே. அம்மா அடுப்பு ஊதுனாக்கூட இதவிட வரும்.”

உள்ளே போய் ஒடிந்த குடைக்கம்பி ஒன்றை எடுத்து வந்து குழாய்க்குள் விட்டுக் குடைந்தாள். முதலில் தூளாக, பிறகு கட்டி கட்டியாகக் காய்ந்த செம்மண் கொட்டியது. அதோடு சுருண்டுபோன பச்சைப் புழுக்கள் ஏழெட்டு. குளவிக்கூடு. அறை அறையாக, நல்ல வேலைப்பாடு.

“ஈரம் தங்கும்னு தொறந்து வெச்சயல்ல? குடி வந்திருச்சு பாரு.” கைபேசியை எடுத்துக் குனிந்தாள். “இத உன்ற குரூப்புல போடட்டுமா?”

உதைத்தேன். வண்டி ஒரு பிடி மண்ணைத் துப்பிவிட்டு உறுமிக் கிளம்பியது. ஏணி உச்சியிலிருந்து, “பையப் போ கண்ணு” என்று மட்டும் வந்தது.

ஏழு இருபத்தைந்து. எழுபது வளைவுகளில் ஐம்பதை நான் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றிலும் எதிரே மிளகு லாரி வருமோ என்றும், பஸ் போயிருக்குமோ என்றும் மாறி மாறி நினைத்தேன். கடைசி இருபதில் பெட்ரோல் தீர்ந்தது. இன்ஜின் இல்லாமலே உருண்டு இறங்கினேன். காரவள்ளி டீக்கடைக்குப் பின்னால், தகரச் சாய்ப்பின் கீழ் வண்டியை நிறுத்தியபோது பஸ் உறுமிக்கொண்டு நின்றிருந்தது.

பேனா இருந்தது, ஹால் டிக்கெட் இருந்தது. பாதி தூரம் ஓடினேன். பிறகு நின்றேன். இனி சனிக்கிழமைதான் ஊருக்கு வருவேன். அதுவரை வண்டி இங்கேதான். திரும்பிப் பார்த்தேன். சாய்ப்பின் விட்டத்தில் வரிசையாக மூன்று மண்கூடுகள். நான்காவதற்கு ஒரு குளவி இடம் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஏனுங்க தம்பி, வாரீங்களா இல்லீங்களா?” கண்டக்டர் படியிலிருந்து கத்தினார்.

“ஒரே நிமிசமுங்க!”

வண்டிக்குத் திரும்பி ஓடிக் குனிந்தேன். சைலன்சர் நுனியை விரலால் தொட்டுப் பார்த்தேன்; சூடு தாங்கும் அளவுக்கு ஆறியிருந்தது. டீக்கடைக்காரர் பால் ஆற்றிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. பரீட்சைக்கென்று இஸ்திரி போட்டு வைத்திருந்த கைக்குட்டையை எடுத்து, சுருட்டி, குழாய் வாயில் நன்றாக அழுத்தித் திணித்தேன்.